அரை நொடிக்கு முன்னால்

2016 மார்ச் மாதம் மெல்போர்னின் கூயாங் மைதானத்தில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் அமெரிக்காவின் ஜான் இஸ்னர் போட்ட ஒரு சர்வீஸ் மணிக்கு 253 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியது. ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு ஏற்றுக்கொண்ட கணக்கில் இதுதான் அதிவேக சர்வீஸ். இப்படி ஓர் எண்ணைக் கேட்டதும் நாம் சர்வீஸ் போட்டவரைத்தான் வாயைப் பிளந்து பார்க்கிறோம். உண்மையில் பார்க்க வேண்டியவர் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி வரும் சர்வீஸ்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வாரத்துக்கு வாரம் திருப்பி அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது எப்படி முடிகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 55 மீட்டருக்குச் சற்று மேல். வழியில் காற்று பந்தைப் பிடித்து இழுக்கிறது. தரையில் பட்டு எழும்போது வேகம் இன்னும் குறைகிறது. எல்லாம் போக, ஒரு மட்டையிலிருந்து கிளம்பிய பந்து அடுத்த மட்டைக்கு வந்துசேர அரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். 0.55 நொடி என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கையிருப்பிலிருந்து செலவுகளைக் கழிக்க வேண்டும். கண்ணில் பட்ட காட்சி மூளைக்குப் போய், முடிவாகி, தசை அசையத் தொடங்குவதற்குச் சுமார் 0.2 நொடி ஆகிறது. சாம்பியனுக்கும் நமக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. மட்டையைப் பின்னே எடுத்து முன்னே கொண்டுவர, எவ்வளவு சுருக்கமாக வீசினாலும், இன்னொரு கால் நொடி போய்விடும். மிச்சம் 0.1 நொடி. அதற்குள் பந்து இடமா வலமா என்று தெரிந்துகொண்டு இரண்டு மீட்டர் நகர்ந்தாக வேண்டும். எந்த மனிதக் காலாலும் அது ஆகாது.

ஆனாலும் ஜோகோவிச் போன்ற சாம்பியன் திருப்பி அடிக்கிறார். கணக்கில் பிழை இல்லையென்றால் ஒரே ஒரு வழிதான் பாக்கி இருக்கிறது: பந்து அடிபடுவதற்கு முன்பே அவர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்.

இந்த அத்தியாயம் அந்த 'முன்பே' பற்றியது. விம்பிள்டனில் ஆடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் கோர்ட்டில் மூச்சு வாங்க ஆடுகிறவர், இரண்டையும் விட்டு டிவி முன்னால் மட்டும் உட்காருகிறவர் ஆகிய மூவரையும் பிரிக்கும் கோடு அங்கேதான் ஓடுகிறது.

கண்ணுக்கு எட்டாத பந்து

"பந்தையே பாரு" என்று சொல்லாத கோச் உலகத்தில் இல்லை. சொல்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் கண்ணின் இயந்திரம் அதற்கு ஒத்துழைக்காது.

நகரும் பொருளை விடாமல் பின்தொடரும்போது மனிதக் கண் நொடிக்குச் சுமார் 100 பாகை வரை ஒழுங்காகத் திரும்பும். அதற்கு மேல் போனால் பின்தங்கிவிடும். இப்போது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் பந்து உங்கள் முகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கடந்து போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் அது உங்கள் பார்வையில் நொடிக்கு 1400 பாகைக்கு மேல் திரும்புகிறது. கண்ணால் முடிந்ததைப்போல் 14 மடங்கு. ஆக, பந்து மட்டையில் படுவதைப் பார்த்து அடித்தேன் என்று எவர் சொன்னாலும், பட்ட இடத்தைப் பார்த்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண் அப்போது என்ன செய்கிறது? இதற்கான தெளிவான விடை கிரிக்கெட்டிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டு மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பேட்ஸ்மேன்களின் தலையில் சிறிய கேமராவைப் பொருத்தி, பந்துவீச்சு இயந்திரத்தின் முன் நிறுத்தி, பார்வை போகும் இடங்களைப் பதிவு செய்தார்கள். பந்து கிளம்பிய உடனே சிறிது நேரம் கண் அதைப் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு ஒரே தாவலில் அது தரையில் பிட்ச் ஆகப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது. பந்து அங்கே வந்து விழுந்ததும் மறுபடி கொஞ்ச தூரம் கூடவே போகிறது. தேர்ந்த பேட்ஸ்மேனின் கண் அந்தத் தாவலைச் சீக்கிரமாகச் செய்தது. சுமாரானவரின் கண் தாமதமாகச் செய்தது. டென்னிஸ் பந்தும் தரையில் பட்டு எழுந்துதான் வருகிறது. கண்ணுக்கு இருக்கும் நெருக்கடி இங்கேயும் அதேதான். அடிக்கும் கணத்தில் எடுத்த டென்னிஸ் சாம்பியன் ஃபெடரரின் புகைப்படங்களைப் பாருங்கள். பந்து போன பிறகும் அவர் முகம் பட்ட இடத்தை நோக்கியே அசையாமல் நிற்கும்.

தோள் முதலில் சொல்லிவிடும்

பந்து எங்கே விழும் என்று ஊகிக்க, பறக்கும் பந்தின் முதல் சில மீட்டர்கள் உதவுகின்றன. தேர்ந்தவர்களுக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. 1978இல் ஜோன்ஸ், மைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் டென்னிஸ் சர்வீஸைப் படமெடுத்து, வெவ்வேறு இடங்களில் வெட்டிக் காட்டினார்கள். ஒரு துண்டில் மட்டை பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே படம் நின்றுவிடும். சர்வீஸ் எங்கே விழும் என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். அனுபவசாலிகள் புதியவர்களைவிடத் தெளிவாக முந்தினார்கள். இத்தனைக்கும் பந்து இன்னும் அடிபடவே இல்லை.

அவர்கள் படித்தது உடம்பை. சர்வீஸுக்காக மேலே எறிந்த, அதாவது டாஸ் போட்ட, பந்து தலைக்கு இடப்பக்கம் சாய்ந்து போகிறதா, முன்னால் போகிறதா. தோள் எவ்வளவு திரும்பியிருக்கிறது. மேலே எழும் முழங்கை எந்தக் கோணத்தில் நிற்கிறது. இடுப்பு எப்போது அவிழ்கிறது. வலக்கைக்காரர், தரையில் பட்டு உயரமாக எழும் கிக் சர்வ் போட வேண்டுமானால் பந்தைத் தலைக்கு மேலேயோ சற்று இடப்பக்கமாகவோ டாஸ் போட வேண்டியிருக்கும், ஏனென்றால் மட்டை கீழிருந்து மேலாகத் தேய்த்துப் போக வேண்டும். விதிகளை ஏமாற்றினாலும் இயற்பியலை ஏமாற்ற முடியாது. அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லா சர்வீஸுக்கும் ஒரே மாதிரி டாஸ் போடப் பல வருடம் உழைக்கிறார்கள். எதிராளியிடமிருந்து ஒரு பக்கத்தை மறைத்தாலே அவனுக்கு 0.1 நொடி நஷ்டம்.

சில சமயம் இயற்பியலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்தும் தகவல் கசிகிறது. போரிஸ் பெக்கரின் சர்வீஸ் 1980களில் எல்லோருக்கும் சிம்ம சொப்பனம். ஆந்த்ரே அகாஸி அவரிடம் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார். பிறகு பெக்கரின் ஆட்டங்களை வீடியோவில் போட்டுப் போட்டுப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டதாக அகாஸியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்: சர்வீஸ் போடும் முன் பெக்கர் நாக்கை வெளியே நீட்டுவார். நடுவில் நீட்டினால் நடுப்பக்கம் வரும். ஓரமாக நீட்டினால் ஓரமாக வரும். கடைசியில் இருவரின் கணக்கு அகாஸிக்கு 10, பெக்கருக்கு 4. அகாஸி சொன்னதில் சுவையான பகுதி அடுத்தது. சர்வீஸைக் கண்டுபிடிப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லையாம்; கண்டுபிடித்தது பெக்கருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமாம். ஒவ்வொரு பந்துக்கும் முன்கூட்டியே ஓடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் முக்கியமான பாயிண்ட் வரும்வரை தெரிந்ததைத் தெரியாத மாதிரியே ஆடுவார்.

சென்னையில் இந்தக் கலைக்கு ஒரு தனி உதாரணம் உண்டு. ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸ் வேகத்தைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. மட்டையை அவர் வீசுவது தெரியாது; பந்தைத் தட்டிவிடுகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர் 1979இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார், மூன்று முறை கிராண்ட்ஸ்லாம் காலிறுதிவரை போனார், 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரரும் நடப்புச் சாம்பியனுமான மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தினார். பந்து எழும்போதே, எதிராளி அடுத்த அடிக்குத் தயாராகும் முன்பே, எடுத்து அடிக்கிறவர் அவர். மற்றவர்கள் வேகத்தால் சம்பாதித்த நேரத்தை அவர் சீக்கிரம் பார்ப்பதால் சம்பாதித்தார்.

உட்கார்ந்து பார்த்தவரும் ஆடிப் பார்த்தவரும்

இனி இந்த அத்தியாயத்தின் மையக் கேள்விக்கு வருவோம். முப்பது வருடமாக ஒரு கிராண்ட்ஸ்லாம் விடாமல் பார்க்கும் ரசிகருக்கு இந்தக் கண் வந்துவிடுமா? பத்தாயிரம் சர்வீஸ் பார்த்தால் பதினோராயிரமாவது எங்கே விழும் என்று தெரிந்துவிடுமா?

இதைச் சோதிக்கச் சரியான ஆட்களைப் பிடிக்க வேண்டும்: ஒரே அளவு பார்த்தவர்கள், ஆனால் ஒரு பிரிவு ஆடியது, இன்னொரு பிரிவு ஆடாதது. ரோம் நகரத்தில் சால்வத்தோரே அலியோத்தி குழு 2008இல் அப்படி ஓர் ஏற்பாடு செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோ. ஒரு பக்கம் தொழில்முறை ஆட்டக்காரர்கள். இன்னொரு பக்கம் கோச்சுகளும் விளையாட்டு நிருபர்களும். இவர்கள் பார்த்தே பழுத்தவர்கள். மூன்றாவதாக, கூடைப்பந்து பக்கமே போகாதவர்கள். வீடியோவை வெவ்வேறு கணங்களில் நிறுத்தி, பந்து கூடைக்குள் விழுமா விழாதா என்று கேட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் மற்ற இருவரையும் முந்தினார்கள். பந்து கையை விட்டுப் போகும் முன்பே, எறிபவரின் உடம்பை வைத்தே அவர்களால் சொல்ல முடிந்தது. பார்த்தே பழுத்தவர்கள் பந்து பறக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த கட்டம் இன்னும் நுணுக்கமானது. தலைக்கு மேலே காந்தத் துடிப்பு கொடுத்து, பார்த்துக்கொண்டிருப்பவரின் கைத் தசைகளை மூளை எந்த அளவுக்குத் தயார் நிலையில் வைத்திருக்கிறது என்று அளந்தார்கள். எறிவதைப் பார்க்கும்போது ஆட்டக்காரர்களுக்கும் சரி, கோச், நிருபர்களுக்கும் சரி, மூளையின் இயக்கப் பகுதி விழித்துக்கொண்டது. ஆனால் தவறப்போகிற எறிதலைப் பார்க்கும்போது, பந்து கையை விட்டு விலகும் அதே கணத்தில், சுண்டுவிரலை அசைக்கும் தசைக்கான சமிக்ஞை எகிறியது ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். பந்தின் போக்கைக் கடைசியாகத் திருத்தும் விரல்களில் அது ஒன்று. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் சுண்டுவிரல் இன்னொருவரின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டது.

பார்ப்பதும் செய்வதும் இப்படிப் பிரியுமா என்ற சந்தேகம் இருந்தால் லண்டனில் நடந்த இன்னோர் ஆய்வு அதைத் தீர்க்கும். பாலே நடனத்தில் ஆண்கள் மட்டும் ஆடும் அசைவுகள் உண்டு, பெண்கள் மட்டும் ஆடும் அசைவுகள் உண்டு. இருபாலரும் ஒரே வகுப்பில் பயில்வதால் இரண்டையும் தினம் தினம் பார்க்கிறார்கள், ஆடுவது ஒன்றைத்தான். பியாத்ரிஸ் கால்வோ-மெரினோ குழு 2006இல் இவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபடி இரண்டு வகை அசைவுகளையும் போட்டுக் காட்டியது. தான் ஆடிய அசைவைப் பார்க்கும்போதுதான் மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. எத்தனை முறை பார்த்தோம் என்பதைவிட, உடம்பால் செய்திருக்கிறோமா என்பதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

டென்னிஸுக்கு இதன் அர்த்தம் நேரடியானது. வாரம் ஒருமுறை, சுமாராகவேனும் சர்வீஸ் போட்டுப் பழகியவர் டிவியில் பார்ப்பது வேறு காட்சி. இரண்டாவது சர்வீஸும் தவறி டபுள் ஃபால்ட் ஆகப்போவதை டாஸ் போடும்போதே பார்த்து அவர் 'ஐயோ' என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பந்து வலையில் விழுந்த பிறகு 'ஐயோ' என்பார்.

கேமரா மறைப்பது

அப்படியானால் பார்த்துக் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் டிவி கேமரா சில முக்கியமான விஷயங்களை ஒளித்துவைக்கிறது.

கேமரா கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்குப் பின்னால், உயரத்தில் நிற்கிறது. தூரத்திலிருந்து பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் கோர்ட்டின் நீளத்தைச் சுருக்கிவிடும். அதனால் பந்துகள் வலையை உரசிக்கொண்டு நேராகப் பாய்வதுபோல் தெரியும். நுங்கம்பாக்கம் மைதானத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த சென்னை ஓபனில் பக்கவாட்டு கேலரியில் உட்கார்ந்து, அங்கே நான்கு முறை பட்டம் வென்ற வாவ்ரிங்காவின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு உண்மை தெரியும். பேஸ்லைனிலிருந்து வரும் டாப்ஸ்பின் பந்து வலைக்கு வெகு மேலே வளைந்து போய், கடைசியில் யாரோ பிடித்து இழுத்ததுபோல் கோர்ட்டுக்குள் இறங்கும்.

பிடித்து இழுப்பது காற்றுதான். பந்து முன்னோக்கிச் சுழலும்போது அதன் மேற்பரப்பை ஒட்டிய காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. பந்துக்குப் பின்னால் பிரிந்து செல்லும் காற்றோட்டம் மேல் நோக்கித் திரும்புகிறது. அதன் எதிர்விளைவாகப் பந்து கீழே தள்ளப்படுகிறது. சாய்த்துப் பிடித்த மட்டையில் அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து போவதை 1672இலேயே நியூட்டன் எழுதியிருக்கிறார். ஒளியைப் பற்றிய கட்டுரையில், போகிற போக்கில். 1852இல் பெர்லினைச் சேர்ந்த மாக்னஸ் இந்த விசையை ஆய்வு செய்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 1877இல், முதல் விம்பிள்டன் நடந்த அதே ஆண்டு, ரேலி பிரபு டென்னிஸ் பந்தின் விசித்திரப் பறத்தல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஜான் யாண்டெல் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் அதிவேக கேமராவால் எண்ணியபோது, சாம்ப்ராஸ், அகாஸி தலைமுறையின் ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்குச் சுமார் 1800, 1900 சுற்று சுழன்றது. நடாலுடையது சராசரியாக 3200. அதாவது வலையைத் தாண்டி எதிர்ப் பேஸ்லைனுக்குப் போகும் ஒரு நொடிச் சொச்சத்தில் பந்து ஐம்பது தடவைக்கு மேல் சுழல்கிறது. இதில் ஸ்ட்ரிங்குக்கும் பங்கு உண்டு. 1997இல் உலகத் தரவரிசையில் 66ஆம் இடத்திலிருந்த பிரேசிலின் குஸ்தாவோ குயெர்ட்டன் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் கட்டிய மட்டையோடு வந்து பிரெஞ்சு ஓபனைத் தட்டிச்சென்றார். பாலியெஸ்டர் வழுக்கும். பந்து படும்போது நெடுக்காக ஓடும் ஸ்ட்ரிங்குகள் பக்கவாட்டில் நழுவி, பந்து விலகும் முன் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பி, கூடுதல் சுழற்சியைக் கொடுக்கின்றன.

இவ்வளவும் நடப்பது 5 மில்லிநொடிக்குள். பந்து ஸ்ட்ரிங்கோடு ஒட்டியிருக்கும் நேரம் அவ்வளவுதான். நமது எதிர்வினை நேரம் இதைப்போல் 40 மடங்கு. கையில் அடி விழுந்தது என்று மூளைக்குத் தெரியும்போது பந்து போய்விட்டது. ஆகவே அடித்த பிறகு மட்டையை எங்கே கொண்டுபோகிறோம் என்பதால் பந்துக்கு எதுவும் ஆகப்போவதில்லை. நடால் தலைக்கு மேலே மட்டையைச் சுழற்றி முடிப்பதைப் பார்த்து அதை மட்டும் நகலெடுக்கும் பையன்கள் எல்லா ஊர்க் கோர்ட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொள்வது விளைவை. காரணம் அதற்கு முன்பே, மட்டை பந்துக்குக் கீழே இறங்கிய இடத்தில், நடந்து முடிந்துவிட்டது. கேமராவும் நம் கண்ணும் அந்த இடத்தைத் தவறவிடுகின்றன.

ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள்

அமெரிக்காவின் ஏவுகணைத் திட்டத்தை வழிநடத்திய பொறியாளர்களில் ஒருவர் சைமன் ராமோ. அவருக்கு டென்னிஸ் பைத்தியமும் உண்டு. சாதாரண ஆட்டக்காரர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். அதற்காக அவர் செய்த வேலை மிக எளியது: பாயிண்ட்டுகள் எப்படி முடிகின்றன என்று எண்ணினார். தொழில்முறை ஆட்டத்தில் 80 சதவீதம் போல பாயிண்ட்டுகள் வெல்லப்படுகின்றன. எதிராளிக்கு எட்டாத அடியால் முடிகின்றன. கிளப் ஆட்டத்தில் 80 சதவீதம் போல தோற்கப்படுகின்றன. யாரோ வலையில் அடிக்கிறார், வெளியே அடிக்கிறார், டபுள் ஃபால்ட் போடுகிறார். விதி, கோர்ட், பந்து எல்லாம் ஒன்றே. ஆட்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டுமானால் பந்தை இன்னொரு தடவை உள்ளே போட்டாலே போதும் என்பது ராமோவின் முடிவு.

சர்வீஸின் வடிவியலைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். வலை நடுவில் 91.4 சென்டிமீட்டர் உயரம். அதிலிருந்து, சர்வீஸ் விழ வேண்டிய கட்டத்தை முடிக்கும் சர்வீஸ் கோடு 6.4 மீட்டர் தொலைவில். சர்வீஸ் கோட்டிலிருந்து வலையின் விளிம்பைத் தொட்டு ஒரு நேர்க்கோட்டைப் பேஸ்லைன்வரை இழுத்தால் அது அங்கே 2.61 மீட்டர் உயரத்தில் நிற்கும். பந்து நேராகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கீழிருந்து அடிக்கும் எந்தச் சர்வீஸும் உள்ளே விழ வாய்ப்பே இல்லை. 208 சென்டிமீட்டர் உயர இஸ்னருக்கு இந்தக் கோடு ஒரு பொருட்டல்ல. ஐந்தரை அடிக்காரர் கையை முழுக்க நீட்டி மட்டையைத் தூக்கினால் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே நிற்பார். அவரைக் காப்பாற்றுவது புவியீர்ப்பு. 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து சர்வீஸ் கட்டத்தை அடைவதற்குள் புவியீர்ப்பு அதை 65 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறக்கும். 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்தை ஒன்றே முக்கால் மீட்டர் இறக்கும். வேகம் கூடக்கூட உள்ளே விழும் ஜன்னல் சுருங்குகிறது. டிவியில் எதிராளி தொடவே முடியாத ஏஸ் சர்வீஸைப் பார்த்துவிட்டு வந்து முதல் சர்வீஸை ஓங்கி அடிப்பவர் இந்த ஜன்னலைத் தானே சாத்திக்கொள்கிறார்.

இப்படித் தப்புத் தப்பாக அடித்த ஒரு சுமாரான ஆட்டக்காரர்தான் தொழில்முறை டென்னிஸையே மாற்றினார் என்பது வரலாற்றின் குறும்பு. ஹோவர்ட் ஹெட் விமானத் துறையில் வேலை பார்த்தவர். உலோகப் பனிச்சறுக்குப் பலகை செய்து பணம் பார்த்தவர். கம்பெனியை விற்றுவிட்டு டென்னிஸ் கற்க வந்தார். ஆட்டம் வரவில்லை. பந்து மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் மட்டை கையில் திருகிக்கொண்டது. பொறியாளர் அல்லவா, தன்னைக் குறை சொல்வதை விட்டுவிட்டு மட்டையைப் பார்த்தார். ஒரு பொருள் திருகப்படுவதை எதிர்க்கும் திறன், எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் இருமடியாகக் கூடும். கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது நீளமான மூங்கிலைக் குறுக்கே பிடிப்பதற்கும் இதுதான் காரணம். மட்டையின் அகலத்தை 20 சதவீதம் கூட்டினால், எடை மாறாவிட்டாலும், திருகலுக்கான எதிர்ப்பு 44 சதவீதம் கூடிவிடும்.

அன்றைய மர மட்டைகளின் முகம் 70 சதுர அங்குலம் அளவுக்கு இருந்தது. 1976இல் பிரின்ஸ் நிறுவனத்தின் பெயரில் ஹெட் கொண்டுவந்த மட்டை 110. தாத்தாக்களுக்கான மட்டை என்று சிரித்தார்கள். 1978இல் 16 வயது பாம் ஷ்ரைவர் அதை வைத்துக்கொண்டு அமெரிக்க ஓபன் இறுதிவரை போனபோது சிரிப்பு நின்றது. 1980களின் முடிவுக்குள் பெரிய போட்டிகளில் மர மட்டை காணாமல் போய்விட்டது. நடாலால் கீழிருந்து மேலே வேகமாகத் தேய்த்து அடிக்க முடிந்ததே, பந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் மன்னிக்கும் அகலமான முகத்தால்தான். ஒரு கற்றுக்குட்டியின் எரிச்சலிலிருந்து பிறந்தது அந்த டாப்ஸ்பின்.

முழங்கையும் ஆயுளும்

ஆடுவதற்கு விலை உண்டு. டென்னிஸ் எல்போ என்பது மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கும் தசைகளின் நாண், முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோவது. நாற்பதை ஒட்டிய வயதில் அதிகம் வரும். இதனால் அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸே ஆடாதவர்கள் என்பது வேறு விஷயம். கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கே வந்தது. டென்னிஸ் ஆடுகிறவர்களில் ஒற்றைக் கை பேக்ஹேண்டைச் சரியாகக் கற்காதவர்களை இது தேடி வருகிறது. தேர்ந்தவர்கள் பந்து படும்போது மணிக்கட்டைப் பின்பக்கம் சற்று மடக்கி இறுக்கமாக வைத்திருப்பதையும், புதியவர்களின் மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிக் கிடப்பதையும் அளவெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மடங்கிய மணிக்கட்டில் அடி விழுந்தால் நாண் ஒரே வெட்டில் இழுபடும். தாமதமாக வந்து அடிப்பவருக்குத்தான் மணிக்கட்டு இப்படி மடங்கும். சீக்கிரம் பார்ப்பதற்கும் முழங்கைக்கும் இருக்கும் உறவு இது.

வரவுப் பக்கமும் சொல்ல வேண்டும். கோபன்ஹேகன் நகரில் 8577 பேரை 25 ஆண்டுவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 ஆண்டு கூடுதல், பேட்மின்டனுக்கு 6.2, கால்பந்துக்கு 4.7, ஓட்டப் பயிற்சிக்கு 3.2. உடனே மட்டை வாங்கக் கிளம்ப வேண்டாம். இது கவனித்து எழுதிய கணக்கு, சோதனை அல்ல. டென்னிஸ் ஆட வசதி வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும், அடிப்படை ஆரோக்கியம் வேண்டும். அவையே ஆயுளைக் கூட்டியிருக்கலாம். ஆனால் பட்டியலின் மேல்பக்கம் முழுக்க இன்னோர் ஆள் இல்லாமல் ஆட முடியாத ஆட்டங்களாக இருப்பதை ஆய்வாளர்களும் கவனித்தார்கள். கூட ஆட ஒருவர் காத்திருக்கிறார் என்பது மழைத் தூறலிலும் வீட்டை விட்டுக் கிளம்பவைக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் எதைப் பார்ப்பது

அடுத்த முறை டிவியில் ஆட்டம் ஓடும்போது ஒரு கேம் முழுக்கப் பந்தைப் பார்க்காமல் இருந்து பாருங்கள். சர்வீஸை வாங்குபவரின் கால்களை மட்டும் பாருங்கள். எதிராளியின் மட்டை பந்தை நோக்கி எழும்போது அவர் தரையிலிருந்து லேசாக ஒரு குதி குதிப்பார். ஸ்பிளிட் ஸ்டெப் என்பது அதன் பெயர். பந்து அடிபடும்போது அவர் காற்றில் இருப்பார். திசை தெரியும் கணத்தில் கால் தரையைத் தொடும். தொடைத் தசைகள் இழுபட்டு, நீட்டிவிட்ட ஸ்பிரிங்போல் அவரை அந்தத் திசையில் தள்ளிவிடும். தட்டையாக நின்றவர் முதலில் முட்டியை மடக்க வேண்டும், பிறகுதான் நகர முடியும். தொடக்கத்தில் நாம் தேடிய அந்த 0.1 நொடியில் ஒரு பங்கு இந்தக் குதிக்குள் இருக்கிறது.

அடுத்த கேமில் சர்வீஸ் போடுபவரின் டாஸை மட்டும் பாருங்கள். இடமா வலமா என்று பந்து அடிபடும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறையத் தப்பாகும். அதன் பிறகு கோர்ட்டுக்குப் போய் நீங்களே ஒரு கூடை நிறைய டென்னிஸ் பந்துகளை எடுத்து, இடப்பக்கம் சாய்த்து டாஸ் போட்டு ஒன்று, முன்னால் போட்டு ஒன்று என்று சர்வீஸ் அடித்துப் பாருங்கள். பாதி வலையில் விழும், பரவாயில்லை. எந்த டாஸிலிருந்து எந்தப் பக்கம் அடிக்க உடம்பு மறுக்கிறது என்பது தோளுக்குத் தெரியவரும். அந்தத் தகவல் வர்ணனையாளர் சொல்லி வராது, ஸ்லோ மோஷனில் பார்த்தும் வராது. சில மாதம் கழித்து அதே பரீட்சையை டிவி முன்னால் மறுபடி எழுதுங்கள். ரோமில் நிருபர்கள் தோற்று ஆட்டக்காரர்கள் ஜெயித்த இடம் அதுதான். எந்தப் பக்கம் உட்காருவது என்பதை மட்டையைக் கையில் எடுத்து நாமே முடிவு செய்துகொள்ளலாம்.